பிராநோட்டில் ஒரு வியாழக்கிழமை

குழித்துறை கோர்ட் வராந்தாவில்
டவாலி என்னை மூன்று தடவை கூப்பிட்டார்.
றோஸ்லெட், றோஸ்லெட், றோஸ்லெட்.
இதற்கு முன் என் பெயரை மூன்று முறை சொன்னது
கோயிலில் கல்யாண ஓலை வாசித்த
மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில்.
அன்று ஆட்சேபணை யாருக்கும் இல்லை.
இன்று ஆட்சேபணை நான்தான்.

வாங்கினேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.
நாற்பதாயிரம். றப்பர் ஷீட் அடிக்கிற மெஷினுக்கு.
மார்த்தாண்டத்தில் பேக்கரிக்கு மேலே மாடியில்
கீழிருந்து பப்ஸ் மணம் ஏறிவர
ஸ்டாம்பின் மேல் கையெழுத்துப் போட்டேன்.
தொகை இல்லை, தேதி இல்லை, வட்டி இல்லை.
"அதெல்லாம் பொறவு எழுதிக்கிடலாம் அக்கா"
என்றான் சஜின்ராஜ்,
பேனாவைத் திருப்பி வாங்கிக்கொண்டு.

மாதம் இரண்டாயிரம், இருபத்திரண்டு மாதம்.
ரசீதுகளில் பாதி மை மங்கி வெறும் தாளாகிவிட்டது.
பால் வெட்டுகிறவளுக்குத் தெரியும்,
பட்டையை மட்டும்தான் சீவ வேண்டும்;
கத்தி தடியில் பட்டால் அந்த இடம் முண்டு கட்டும்,
பிறகு அங்கே பால் இல்லை.
நோட்டீஸில் இருந்த தொகை
இரண்டு லட்சத்துப் பத்தாயிரம்.

கொழுந்தன் ததேயுஸ் சொன்னார்:
"வாங்கவே இல்லைன்னு சொல்லிரு.
கையெழுத்து எனக்கதில்லைன்னு ஒரு வார்த்தை."
இரண்டு ராத்திரி
அந்த வார்த்தையை வாய்க்குள் உருட்டிப் பார்த்தேன்.
ஆசிட் விடாத பால் மாதிரி
உறையவே இல்லை.

வக்கீல் ஷைனி சொன்னாள்:
"வாங்கினது உண்மை. இந்தத் தாள் பொய்.
ரெண்டையும் ஒரே வாயால சொல்லலாம் அக்கா."
மூன்று வருஷம் தாண்டினால் கேஸ் நிற்காது என்று
தேதியைத் தள்ளி நட்டிருக்கிறார்களாம்.
தாளை என் பக்கம் திருப்பினாள்.
முப்பது, பதினொன்று, இரண்டாயிரத்துப் பதினேழு.
"அன்னைக்கு எங்க இருந்தீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று நான் கட்டிலுக்கு அடியில் இருந்தேன்.
கூரை ஓடு ஒவ்வொன்றாகக் கழன்று
யாரோ சீட்டு விளையாடுகிற மாதிரி பறந்தது.
ஒக்கிக்கு என் குத்தகைத் தோட்டத்தில் மட்டும்
நூற்றிப்பத்து மரம்.
அருமனை ரோடு நெடுகிலும் றப்பர் படுத்துக்கிடந்தது,
பாலோடு.
கரண்ட் வந்தது ஒன்பதாம் நாள்.
மாதத் தவணை நின்றதும் அந்த மாதம்தான்.

கூண்டில் சஜின்ராஜ்.
அன்று ஆபீஸ் திறந்திருந்ததா? திறந்திருந்தது.
இவர் எத்தனை மணிக்கு வந்தார்? பதினொரு மணிக்கு.
எதில் வந்தார்?
பஸ்ஸில்.

டைப் அடிக்கிற அம்மாவின் விரல் நின்றது.
டவாலி சுவரைப் பார்த்துக்கொண்டார்.
பின் பெஞ்சில் யாரோ இருமினார்கள்,
அது இருமல் இல்லை.
நீதிபதி மட்டும் எழுதிக்கொண்டிருந்தார்.
தருமபுரிக்காரர், புதிதாக வந்தவர்.
தெரிந்திருந்தாலும், தெரிந்ததை வைத்துத்
தீர்ப்பு எழுத முடியாதாம்.
அதற்காக ஷைனி டிப்போவுக்கு நாலு தடவை நடந்து
வாங்கி வந்திருந்தாள் ஒரு கடிதம்:
மேற்படி தேதியில் மேற்படி தடத்தில்
பேருந்து எதுவும் இயக்கப்படவில்லை.
கீழே வட்ட முத்திரை, கொஞ்சம் கலங்கி.

வழக்கு தள்ளுபடி. செலவுத் தொகை இல்லை.
வெளியே சாயாக்கடையில் சஜின்ராஜ் நின்றான்.
வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த தொப்பை இல்லை.
"அன்னைக்கு ஒரே இருப்பில எழுபது தாள் எழுதச் சொன்னாங்க.
காலண்டரைப் பாக்கல, அக்கா."
என் சாயாவுக்கும் அவனே காசு கொடுத்தான்.
வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

எழுபது தாள்.
களியலில், கடையாலுமூட்டில், ஆலஞ்சோலையில்
இன்னும் எத்தனை வீட்டில்
அந்த வியாழக்கிழமைக்கு வட்டி ஏறுகிறதோ.

ஜெராக்ஸ் கடையில் கேட்டேன்.
பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.
டிப்போ கடிதத்தை நீட்டி
எழுபது என்றேன்.
பர்ஸைத் திறந்து பார்த்துவிட்டு
முப்பது என்று மாற்றினேன்.